பல்லை உடைக்கும் வார்த்தைகள்

இங்கிலீஷ் பாஷையில் இரண்டு விதமான வார்த்தைகள் இருக்கின்றன. ஒரு விதம், சொன்னவுடன் புரிந்துவிடும். மற்றொரு விதம், சொல்லுகிறவருக்கு மரியாதையையும் கேட்கிறவருக்கு மயக்கத்தையும் ஒருங்கே உண்டாக்கும். நம் நாட்டில் இந்த இரண்டாவது விதத்துக்கு நெடுநாளாகவே தனி மதிப்பு ஏற்பட்டிருக்கிறது. "மாப்பிள்ளை பேசுகிற இங்கிலீஷில் பாதி எங்களுக்குப் புரியவே இல்லை" என்று பெண்ணைப் பெற்றவர் பெருமையோடு சொல்லிக் கொள்ளக்கூடிய தேசம் உலகத்தில் வேறு இருக்குமா என்பது சந்தேகந்தான். அந்நிய ஆட்சி 1947-ல் கப்பல் ஏறிப் போய்விட்டது. அந்நிய பாஷையின் பெரிய வார்த்தைகளிடம் நமக்குள்ள பயமும் பக்தியும் மட்டும் இன்னும் கப்பல் ஏறவில்லை.

மேல்நாட்டுப் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் பரீட்சை எழுதுகிற நம் பிள்ளைகள், ஆயிரம் வார்த்தை, மூவாயிரம் வார்த்தை என்று பட்டியல் போட்டு நெட்டுருச் செய்கிறார்கள். இடது பக்கத்தில் வார்த்தை. வலது பக்கத்தில் அதன் விளக்கம். பல வீடுகளில் நடக்கக்கூடிய சம்பாஷணை ஒன்றைச் சற்றே கற்பனை செய்து பார்ப்போம்.

"தாத்தா! அப்ஸீக்வியஸ் என்றால் ஸெர்வைல்."

"ஸெர்வைல் என்றால் என்னப்பா?"

"ஸெர்வைல் என்றால் அப்ஸீக்வியஸ்!"

"சரி, இரண்டுக்கும் சேர்த்து என்ன அர்த்தம்?"

"அது பட்டியலில் இல்லையே, தாத்தா!"

பையன் பேரில் குற்றம் சொல்ல நியாயமில்லை. பட்டியல் அவனுக்கு ஒரு பூட்டைக் கொடுத்து, அதைத் திறப்பதற்கு இன்னொரு பூட்டையே கொடுத்திருக்கிறது. உண்மையில் அந்த வார்த்தையின் பொருள் அவனுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். பெரிய மனிதர் ஒருவர் வந்தால், கைகட்டி, வாய் புதைத்து, சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, அவர் பின்னாலேயே குழைந்து குழைந்து போகிறவர்களை அவன் எத்தனை பேரைப் பார்த்திருப்பான்! அந்தக் குழைவுக்குத்தான் இங்கிலீஷில் 'அப்ஸீக்வியஸ்' என்று பெயர். லத்தீன் பாஷையில் 'ஸெக்வி' என்றால் பின்தொடர்வது. யாராவது இதை அவனிடம் ஒரு தடவை சொல்லியிருந்தால் அந்த வார்த்தை ஆயுள் உள்ளவரை அவனை விட்டுப் போகாது.

கடினமான வார்த்தை எப்போது நம்முடையதாகிறது? நாம் ஏற்கெனவே அறிந்திருக்கும் ஏதாவது ஒன்றோடு அது முடிச்சுப் போட்டுக் கொள்ளும்போதுதான். இந்த உண்மையை இங்கிலீஷ்காரர்களே கண்டுபிடிப்பதற்கு முந்நூறு வருஷத்துக்கு மேல் பிடித்தது. அந்தக் கதை ருசியானது. நமக்குப் பிரயோஜனமும் உடையது.

மைக்கூட்டிலிருந்து வந்தவை

இங்கிலீஷ் பாஷைக்கு இவ்வளவு கடினமான வார்த்தைகள் எங்கிருந்து வந்தன? 1066-ம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்து நார்மண்டியிலிருந்து வில்லியம் என்னும் பிரபு படையெடுத்து வந்து இங்கிலாந்தைப் பிடித்துக் கொண்டான். அதன்பின் பல தலைமுறைகள் வரையில் அரண்மனையிலும் நியாயஸ்தலத்திலும் பிரெஞ்சு பாஷையே செங்கோல் செலுத்தியது. இங்கிலீஷ், உழுகிறவனுக்கும் ஆடு மேய்க்கிறவனுக்கும் உரிய பாஷையாக மூலையில் ஒதுங்கி நின்றது. ஆளுகிறவன் பாஷை ஒன்று, ஆளப்படுகிறவன் பாஷை ஒன்று என்னும் அவஸ்தையை நமக்கு முன்னாலேயே இங்கிலீஷ்காரன் அனுபவித்திருக்கிறான் என்பது நினைவில் வைக்கத் தக்கது.

பிறகு பதினாறாம் நூற்றாண்டில் கிரேக்க, லத்தீன் நூல்களில் இங்கிலாந்தின் பண்டிதர்களுக்கு மோகம் பிறந்தது. அந்தப் பாஷைகளிலிருந்து வார்த்தைகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இங்கிலீஷில் கொட்டினார்கள். இப்படி வந்தவற்றுக்குப் பரிகாசக்காரர்கள் 'மைக்கூட்டு வார்த்தைகள்' என்று பெயர் வைத்தார்கள். வாயிலிருந்து வராமல் மைக்கூட்டிலிருந்து வந்தவை என்பது பொருள். 1553-ல் தாமஸ் வில்ஸன் என்பவர் பேச்சுக்கலை பற்றி எழுதிய புஸ்தகத்தில், இத்தகைய வார்த்தைகளையே அடுக்கி ஒரு போலிக் கடிதத்தைச் சிருஷ்டித்துச் சிரிக்க வைத்தார். ஸர் ஜான் சீக் என்னும் பேராசிரியரோ தனி இங்கிலீஷ் இயக்கமே நடத்தினார் என்று சொல்லலாம். பைபிளை மொழிபெயர்க்கையில், சிலுவையில் அறையப்பட்டதைக் குறிக்கும் லத்தீன் வார்த்தையைத் தள்ளிவிட்டு, 'கிராஸ்ட்' என்ற நாட்டு வார்த்தையைப் போட்டார். நூறு வீரர்களுக்குத் தலைவனை 'ஹண்ட்ரெடர்' என்றார். நம் நாட்டில் தனித்தமிழ் பற்றிய விவாதங்களைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதெல்லாம் மிகவும் தெரிந்த ராகமாகவே தோன்றும்.

முடிவில் வழக்குத் தீர்ந்தது எப்படி? சீக் கொடுத்த வார்த்தைகள் மறைந்து போயின. வில்ஸன் பரிகாசம் செய்தவற்றில் பலவும் மறைந்தன. ஆனால் அந்தப் போலிக் கடிதத்தில் இருந்த 'ஸெலபரேட்' என்னும் வார்த்தை இன்றைக்கு இங்கிலீஷ்க் குழந்தைகள் பிறந்த நாள் கொண்டாடும்போது சர்வ சாதாரணமாகச் சொல்லும் வார்த்தையாகிவிட்டது. ஆகவே கடினம் என்பது வார்த்தையின் பிறவிக் குணமன்று. பழக்கம் இல்லாமையே கடினம்.

சீமாட்டிகளுக்கு ஒரு சாவி

பண்டிதர்கள் இப்படி வார்த்தைகளைக் கொட்டிக் கொண்டே போனபோது, லத்தீன் படிக்காத ஜனங்கள் என்ன செய்வார்கள்? முக்கியமாகப் பெண்கள். லத்தீன் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடங்களின் கதவு அவர்களுக்கு அடைத்தே இருந்தது. கோயில் பிரசங்கத்தில் ஒரு வார்த்தை வந்தால், அதன் பொருள் தெரியாமல் விழிக்க வேண்டியதுதான்.

1604-ம் வருஷத்தில் ராபர்ட் காட்ரி என்னும் பள்ளிக்கூட வாத்தியார் ஒரு சிறு புஸ்தகத்தை வெளியிட்டார். இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு இங்கிலீஷிலேயே பொருள் சொல்லும் முதல் அகராதி என்று அறிஞர்கள் கருதுவது அதைத்தான். ஏறக்குறைய 2,500 வார்த்தைகளே அதில் உண்டு; எல்லாம் கடினமானவை. சீமாட்டிகளுக்கும் குடும்ப ஸ்திரீகளுக்கும் படிப்புப் பழக்கம் இல்லாத மற்றவர்களுக்கும் உபயோகப்படவே அதைத் தொகுத்ததாக அதன் முகப்பிலேயே தெரிவித்திருந்தார். வார்த்தைக்கு எதிரே பெரும்பாலும் ஒன்றிரண்டு எளிய பதங்கள், அவ்வளவுதான். அந்த முதற் பதிப்பில் இப்போது ஒரே ஒரு பிரதிதான் எஞ்சியிருக்கிறது. ஆக்ஸ்போர்டில் உள்ள பாட்லியன் புஸ்தகசாலையில் அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

இங்கிலீஷில் கடினமான வார்த்தைகளின் பட்டியல் என்பது இப்படித்தான் பிறந்தது. பிறரை மிரட்டுவதற்கு அது பிறக்கவில்லை. மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களின் கையில் ஒரு சாவியைக் கொடுப்பதற்காகப் பிறந்தது.

விளக்கமே இருட்டானால்?

நூற்றைம்பது வருஷங்களுக்குப் பிறகு, 1755-ல், டாக்டர் ஸாமுவேல் ஜான்ஸனுடைய பிரசித்தி பெற்ற அகராதி வெளிவந்தது. 42,000-க்கு அதிகமான வார்த்தைகள். இரண்டு பிரம்மாண்டமான வால்யூம்கள். லண்டனில் கஃப் சதுக்கத்து வீட்டு மாடியில், ஆறு உதவியாளர்களை வைத்துக் கொண்டு வேலையை முடித்தார். ஓட்ஸ் என்னும் தானியத்தைப் பற்றி அவர் எழுதியது வேடிக்கையானது. இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுகிற அந்தத் தானியம் ஸ்காட்லாந்தில் மனிதர்களைத் தாங்குகிறது என்று ஒரு குத்தல் வைத்திருந்தார். அவருடைய உதவியாளர்களில் ஐந்து பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்பதை எண்ணும்போது, அந்த மாடியில் அன்று என்ன பேச்சு நடந்திருக்குமோ என்று தோன்றுகிறது!

ஆனால் அவ்வளவு பெரிய மேதையும் ஓரிடத்தில் சறுக்கினார். 'நெட்வொர்க்' என்பது எளிய வார்த்தை. வலைப் பின்னல் என்று நம் வீட்டுப் பாட்டி கூடச் சொல்லிவிடுவாள். ஜான்ஸன் அதற்கு எழுதிய விளக்கத்தில், அந்த வார்த்தையைவிடப் பன்மடங்கு கடினமான மூன்று லத்தீன் வார்த்தைகள் வந்து உட்கார்ந்து கொண்டன. விளக்கத்தைப் படித்தவன் மறுபடியும் அகராதியைப் புரட்ட வேண்டியதாயிற்று. மிக எளிய வார்த்தையை அதைவிட எளிய வார்த்தையால் விளக்க முடியாது என்று அவரே தம் முன்னுரையில் முறையிட்டிருக்கிறார். நமது பையனுடைய அப்ஸீக்வியஸும் ஸெர்வைலும் அந்த வம்சத்தைச் சேர்ந்தவைதாம்.

இந்தத் தொல்லைக்குப் பரிகாரம் தேடியவர்களில் ஒருவர் நம் தேசத்தில் உத்தியோகம் பார்த்தவர் என்பது அநேகருக்குத் தெரியாது. மைக்கேல் வெஸ்ட் என்னும் அந்த இங்கிலீஷ்காரர், அப்போது வங்காள மாகாணத்தைச் சேர்ந்திருந்த டாக்காவில் வாத்தியார்களைப் பயிற்றும் கல்லூரியின் தலைவராக இருந்தார். வங்காளப் பிள்ளைகள் இங்கிலீஷ் புஸ்தகங்களோடு மல்லுக்கட்டுவதை நேரில் கண்டு ஆராய்ந்தவர். அதன் பயனாக 1935-ல் ஓர் அகராதி வெளிவந்தது. அதில் சுமார் 24,000 வார்த்தைகளையும் தொடர்களையும் விளக்குவதற்கு அவர் உபயோகித்த வார்த்தைகள் 1,490 மட்டுமே. அந்த 1,490-ஐ அறிந்த மாணவன் மற்ற எல்லாவற்றையும் தானே படித்து அறியலாம். 1942-ல் ஜப்பானியத் தலைநகரான டோக்கியோவில், ஆல்பர்ட் ஹார்ன்பி என்பவர் அந்நியர்கள் இங்கிலீஷ் கற்பதற்கென்றே தொகுத்த அகராதி பிரசுரமாயிற்று. 1948-ல் ஆக்ஸ்போர்டு அச்சகத்தார் அதை எடுத்து வெளியிட்டார்கள். இன்று நம் பள்ளிக்கூடங்களில் காணப்படும் 'மாணவர் அகராதி'களெல்லாம் இவ்விருவரும் வெட்டிய வாய்க்காலில் வந்த தண்ணீர்தான்.

எனவே பெற்றோர்கள் குழந்தைக்கு அகராதி வாங்கும்போது ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, ஒரு விளக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். விளக்கத்தைப் புரிந்து கொள்ள மறுபடியும் பக்கம் புரட்ட நேர்ந்தால், அந்தப் புஸ்தகத்தைக் கடைக்காரரிடமே மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வாக்கியந்தான் வீடு

ஜான்ஸன் ஒரு பெரிய காரியம் செய்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நல்ல ஆசிரியர்கள் அதை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்பதற்கு மேற்கோள்கள் கொடுத்தார். அந்த யுக்தியைச் சிகரத்துக்குக் கொண்டு போனது ஆக்ஸ்போர்டு இங்கிலீஷ் அகராதி. 1857-ல் லண்டன் மொழியியல் சங்கத்தில் யோசனை பிறந்தது. 1879-ல் ஜேம்ஸ் மரே ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். 1884-ல் முதற் பகுதி வந்தது. 1928-ல்தான் வேலை முடிந்தது. மரே அதைக் காணவில்லை, 1915-லேயே காலமாகிவிட்டார். மொத்தம் 4,14,825 வார்த்தைகள். சுமார் 18 லட்சம் மேற்கோள்கள்.

அந்த மேற்கோள்களைச் சேகரித்தவர்கள் யார்? பெரும்பாலும் சம்பளமில்லாத வாசகர்கள். எந்தப் புஸ்தகத்தைப் படித்தாலும், கண்ணில் பட்ட வார்த்தையையும் அது வந்த வாக்கியத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மரேக்குத் தபாலில் அனுப்பினார்கள். அவர்களில் மிகவும் சிறந்த ஒருவர் டாக்டர் மைனர் என்னும் அமெரிக்கர். அவர் சித்தப் பிரமையால் ஒரு கொலை செய்துவிட்டு, பிராட்மூர் மனநோய் விடுதியில் அடைபட்டிருந்தவர். வெளி உலகத்தின் கதவு சாத்தப்பட்ட பிறகும், வார்த்தைகளின் உலகத்தில் அவர் வருஷக்கணக்காகச் சஞ்சரித்துக் கொண்டிருந்தார்.

இத்தனை பேருடைய பிரயாசைக்கும் அடிப்படையான எண்ணம் ஒன்றே. வார்த்தையின் பொருள் அகராதியில் பிறப்பதில்லை, வாக்கியத்தில் பிறக்கிறது. வாக்கியந்தான் அதன் வீடு. அகராதி, அந்த வீட்டுக்கு வழி சொல்லும் விலாசம்.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சிறு உதாரணம் பார்க்கலாம். ஓயாமல் பேசுகிறவரைக் குறிக்க இங்கிலீஷில் 'லொக்வேஷஸ்', 'காருலஸ்', 'வெர்போஸ்', 'வால்யுபிள்' என்று நான்கு வார்த்தைகள் உண்டு. பட்டியலில் நான்குக்கும் 'டாக்கட்டிவ்' என்றே போட்டிருப்பார்கள். ஆனால் தமிழில் நாம் எல்லாரையும் ஒரே பெயரால் அழைக்கிறோமா? பேச்சில் பிரியமுள்ளவர் வேறு. அற்ப விஷயத்தைப் பிடித்துக் கொண்டு தொணதொணக்கிறவர் வேறு. நாலு வார்த்தையில் சொல்ல வேண்டியதை நாற்பதாக வளர்த்துகிறவர் வேறு. மடை திறந்தாற்போல் சரளமாகப் பொழிகிறவர் வேறு. முதலாமவர் லொக்வேஷஸ், இரண்டாமவர் காருலஸ், மூன்றாமவருடைய எழுத்தும் பேச்சும் வெர்போஸ், கடைசியாகச் சொன்னவர் வால்யுபிள். சபையில் நன்றாகப் பேசிய ஒருவரைப் பாராட்ட எண்ணி 'காருலஸ்' என்று சொல்லிவிட்டால், அவர் அகராதி பார்த்த அன்றோடு சிநேகம் முறிந்துவிடும்.

இன்னும் அபாயகரமானது 'புல்ஸம்' என்னும் வார்த்தை. கேட்கும்போது 'நிறைவான' என்று தோன்றும். கவனமாக எழுதுகிறவர்கள், திகட்டும்படியான போலிப் புகழ்ச்சியைக் குறிக்கவே அதை வழங்கி வருகிறார்கள். உபசாரப் பத்திரத்தில் அதைப் போட்டு மந்திரிக்கு வாசித்து அளித்தால், உண்மையைச் சொல்லியதாக ஆகலாம். ஆனால் வாசித்தவருடைய உத்தேசம் அதுவாக இராது! 'எனார்மிட்டி' என்பதைப் பிரம்மாண்டம் என்று எண்ணிக் கொண்டு, ஒருவர் செய்த தர்மத்தின் 'எனார்மிட்டி'யைப் புகழ்ந்தாலும் இதே கதிதான். கொடும் பாதகம் என்பதே அதன் பழைய பொருள்.

நம் வீட்டுப் பெட்டியில் உள்ள சாவிகள்

இனி, கடினமான வார்த்தைகளை நம்மவர்கள் எப்படிச் சுலபமாக வசப்படுத்தலாம் என்று பார்ப்போம். முதல் வழி, வார்த்தைகளைக் குடும்பம் குடும்பமாக அறிவது.

போலீஸ் இன்ஸ்பெக்டரை அறியாதவர் யார்? லத்தீனில் 'ஸ்பெக்' என்றால் பார்ப்பது. உள்ளே நுழைந்து பார்க்கிறவர் இன்ஸ்பெக்டர். வேடிக்கை பார்க்கிறவர் ஸ்பெக்டேட்டர். கீழ்க்கண்ணால் பார்ப்பது ஸஸ்பெக்ட், அதாவது சந்தேகம். போகிறவரை நின்று திரும்பிப் பார்க்கச் செய்வது ரெஸ்பெக்ட், அதாவது மரியாதை. இந்தக் குடும்பம் தெரிந்தவனிடம் 'ஸர்கம்ஸ்பெக்ட்' என்னும் பயங்கரமான வார்த்தை வந்தால் அவன் பயப்படுவானா? 'ஸர்கம்' என்றால் சுற்றிலும். சுற்றுமுற்றும் பார்த்து நடக்கிறவன், ஜாக்கிரதைக்காரன். தமிழில் நாம் பேசுகிறபடியே லத்தீன்காரனும் பேசியிருக்கிறான்!

அப்ஸீக்வியஸின் குடும்பமும் நமக்குப் புதிதல்ல. கோர்ட்டில் குற்றவாளியை விடாமல் தொடர்கிற பிராஸிக்யூஷன், கோயிலில் இட்ட உத்தரவைத் தொடர்ந்து நிறைவேற்றுகிற எக்ஸிக்யூட்டிவ் ஆபீஸர், சினிமாவில் முதற் பாகத்தைத் தொடர்ந்து வருகிற ஸீக்வல் ஆகிய எல்லாம் அந்த 'ஸெக்வி'யின் சந்ததிகளே.

இரண்டாவது வழி இன்னும் சுவையானது. 1786-ல் கல்கத்தாவில் ஸர் வில்லியம் ஜோன்ஸ், ஸம்ஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு தாய் வயிற்றுச் சகோதரிகளாக இருக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். தமிழ் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல; தென்னிந்திய பாஷைகள் தனிக் குடும்பம் என்பதை 1816-ல் சென்னையில் எல்லிஸ் துரை நிரூபித்துக் காட்டினார். ஆயினும் நாம் அன்றாடம் வழங்கும் வடமொழிப் பதங்கள் பல நம்மிடம் இருக்கின்றன. அவற்றின் லத்தீன் உறவினர்களே இங்கிலீஷின் கடின வார்த்தைகளுக்குள் ஒளிந்திருக்கிறார்கள்.

'இக்னைட்' என்றால் தீ மூட்டுவது; லத்தீன் 'இக்னிஸ்' நம்முடைய அக்கினியின் சகோதரன். 'நாமினல்' என்றால் பெயரளவில் மட்டும். உள்ளே இருப்பது நாமம். 'நாவிஸ்' என்றால் புதிதாகச் சேர்ந்தவன். உள்ளே இருப்பது நவம். 'இம்மார்ட்டல்' என்பதில் உள்ள 'மார்ட்' மரணத்தோடு பிறந்தது. இம்மார்ட்டலும் அமிர்தமும் ஒரே பொருளுடைய சகோதரர்கள். 'பெடெஸ்ட்ரியன்' என்பதில் உள்ளது பாதம். அதற்குச் சரியான தமிழ் வழக்கு பாதசாரி. இதற்கு உயர்ந்த இங்கிலீஷில் இன்னொரு பொருளும் உண்டு. பறக்க வேண்டிய இடத்தில் பறக்காமல் தரையில் நடந்தே போகிற சப்பென்ற எழுத்தைப் பெடெஸ்ட்ரியன் என்பார்கள். 'ஸ்பஷ்டமாகச் சொல்' என்கிறோமே, அந்த ஸ்பஷ்டங்கூட மேலே சொன்ன 'ஸ்பெக்' குடும்பத்துக்கு நெருங்கிய உறவு. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது என்பதே கருத்து. தாம்பத்தியத்தைக் குறிக்கும் 'கான்ஜுகல்' என்னும் வார்த்தைக்குள் யோகம் என்பதன் லத்தீன் உறவினர் இருக்கிறார். ஒரே நுகத்தடியில் பூட்டப்பட்ட இரண்டு பேர் என்று அர்த்தம். விவாகமானவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

கொடுத்ததும் பட்டதும்

வார்த்தைகள் ஒரு பக்கமாகவே பிரயாணம் செய்யவில்லை. நம்மிடமிருந்தும் இங்கிலீஷ் அகராதிக்குள் போயிருக்கின்றன. கட்டுமரம் 'கேட்டமரன்' ஆயிற்று. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுத் தண்ணீர் 'மல்லிகடானி' என்ற பெயரில் சீமை விருந்துகளில் ஸூப்பாக அமர்ந்தது. இத்தகைய வார்த்தைகளை ஹென்ரி யூலும், தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த பர்னெலும் சேர்ந்து தொகுத்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' அகராதி 1886-ல் வெளிவந்தது. அதற்குள் பர்னெல் இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது.

இப்படிப் போன வார்த்தைகளில் ஒன்றைப் பற்றிச் சற்று நின்று யோசிக்க வேண்டும். 'பரையா' என்னும் இங்கிலீஷ் வார்த்தையைப் பத்திரிகைகளில் காண்கிறோம். எல்லாரும் ஒதுக்கி வைத்த மனிதன் அல்லது தேசம் என்பது அகராதி விளக்கம். உலக ராஜ தந்திரிகள் அதைத் தாராளமாக வீசுகிறார்கள். அந்த வார்த்தை தமிழ்நாட்டில் பறை என்னும் வாத்தியத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு சமூகத்தின் பெயரிலிருந்து போனது. அந்த மக்களுக்கு நாம் இழைத்த அநீதியைத்தான் அந்நியன் பார்த்து, அவர்களுடைய பெயரையே ஒதுக்கப்பட்டவன் என்பதற்கு வார்த்தையாக எடுத்துக் கொண்டான். அகராதியில் ஒரே வரி. அதற்குப் பின்னால் பல நூற்றாண்டுகளின் கண்ணீர். இந்த வார்த்தையின் விளக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்தவன் அதைக் கூசாமல் பிரயோகிப்பான். கதையை அறிந்த தமிழனுக்கு அதை எழுதப் பேனா எழாது. வார்த்தையை முழுவதும் அறிவதென்பது, அதை எப்போது சொல்லக் கூடாது என்பதையும் அறிவதாகும்.

நெட்டுருவுக்கும் இடம் உண்டு

இவ்வளவையும் படித்துவிட்டு, "அப்படியானால் மனப்பாடமே வேண்டாமா? நம் முன்னோர்கள் நிகண்டை நெட்டுருச் செய்யவில்லையா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயமே. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சூடாமணி நிகண்டைப் பையன்கள் உருப்போட்டார்கள். ஆனால் அது செய்யுளாக இருந்தது. ஒரு பொருளைக் குறிக்கும் பல பதங்கள் ஒன்றாகக் கூடியிருந்தன. நிகண்டு முடிந்த கையோடு காவியங்களைப் படித்தார்கள். அங்கே அந்தப் பதங்கள் மறுபடியும் மறுபடியும் எதிரே வந்து நலம் விசாரித்தன. இன்றைய பட்டியலுக்கோ பரீட்சை முடிந்ததும் குப்பைக் கூடைதான்.

ஜெர்மன் அறிஞர் எப்பிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே உருப்போட்டுச் சோதனை செய்து, 1885-ல் முடிவை வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்து போகிறது. அதற்குப் பிறகு மறதியின் வேகம் குறைகிறது. ஆகையால் ஒரே ராத்திரியில் நூறு தடவை படிப்பதைவிட, நாட்களை இடைவிட்டுச் சில தடவை படிப்பதே மேல். 1972-ல் ஸெபாஸ்டியன் லைட்னர் என்னும் ஜெர்மானியர் இதற்கு ஒரு சுலபமான சாதனம் சொன்னார். வார்த்தைகளை அட்டைகளில் எழுதி, பல அறைகள் உள்ள ஒரு பெட்டியில் போட்டு வைப்பது. தெரிந்தவை பின்னறைக்குப் போய் நாள் கழித்து வரும். தெரியாதவை முன்னறையிலேயே நின்று அடிக்கடி வரும். ஐந்தறைப் பெட்டியை ஆளத் தெரிந்த நம் தாய்மார்களுக்கு இந்த ஏற்பாட்டைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம்.

எத்தனை வார்த்தைகள் வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. நியூஸிலாந்து பேராசிரியர் பால் நேஷன் 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சிப்படி, இங்கிலீஷ் நாவலையும் பத்திரிகையையும் பிறர் துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 வரை வார்த்தைக் குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும். அடிக்கடி வருகிற 2,000 குடும்பங்களே பெரும்பாலான எழுத்தில் நூற்றுக்கு எண்பது பங்கை நிரப்பிவிடுகின்றன. கல்லூரிப் புஸ்தகங்களுக்கென்று அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ல் பொறுக்கி எடுத்த 570 குடும்பங்கள், அப்புஸ்தகங்களில் சுமார் பத்தில் ஒரு பங்கு இடத்தை அடைக்கின்றன. ஆகவே அபூர்வமான வார்த்தைகளைத் துரத்துவதற்கு முன், இவற்றை உறுதியாகப் பிடிப்பதே புத்திசாலித்தனம்.

அமெரிக்கப் பரீட்சைக்காரர்களுக்கே இது புரிந்துவிட்டது. ஜி.ஆர்.இ. பரீட்சையில் எதிர்ப்பதம் கேட்கும் வழக்கத்தை 2011-ல் நிறுத்தி, வாக்கியத்துக்குப் பொருந்தும் வார்த்தையைக் கேட்கத் தொடங்கினார்கள். எஸ்.ஏ.டி. பரீட்சையிலும் 2016-ல் அபூர்வ வார்த்தைகளைக் கைவிட்டுவிட்டு, பத்தியில் வரும் வார்த்தைக்கு அந்த இடத்தில் என்ன பொருள் என்று கேட்கலானார்கள். பட்டியலைப் பெற்றவர்களே அதைக் கைவிட்ட பிறகும், நாம் மட்டும் அதைத் தோளில் சுமப்பானேன்?

தினம் ஒரு வார்த்தை போதும். அதன் குடும்பத்தை விசாரியுங்கள். அது குடியிருக்கும் வாக்கியம் ஒன்றைத் தேடிப் படியுங்கள். பிறகு, அதற்கு ஈடாக நம் வீட்டில் என்ன சொல்கிறோம் என்று தாத்தா பாட்டியைக் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியால் இன்னொரு லாபமும் உண்டு. இங்கிலீஷ் வார்த்தை ஒன்று வசமாகிறபோதே, வழக்கொழிந்து கொண்டிருக்கும் தமிழ் வார்த்தை ஒன்றும் பிழைத்துக் கொள்ளும்.